புதையல் தேடுவோரும் பழைய ஏடுகளும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் சுற்றிலுமுள்ள எல்லைப்புறச் சிற்றூர்களில் புதையற் கதை வழங்காத ஊர் அரிது. காவின் வடமேற்கு மூலை, தூர்ந்துபோன குளம், பழந்தறவாட்டின் நெல்லறை, ஆலமரத்தடியில் சாய்ந்து கிடக்கும் எழுத்துக்கல் என்று கதைக்கு ஓர் இடமும் உண்டு. நெய்யாற்றின்கரைக் கிருட்டிணன் கோயிலில் உள்ள ‘அம்மச்சிப் பிலாவு’ என்ற பலாமரத்தின் பொந்தில்தான் இளவரசர் மார்த்தாண்டவர்மா பகைவர்க்கு அஞ்சி ஒளிந்திருந்தார் என்பது மரபு. அரசர் ஒளிந்த ஊரில் அவருடைய பொன்னும் ஒளிந்திருக்கும் என எண்ணுவது மக்கள் மனத்தின் இயல்பு அன்றோ? அவ்வெண்ணத்திலிருந்தே துப்புத் துலக்கும் ஆர்வம் பிறக்கின்றது. அவ்வார்வத்தை நான் குறை கூறவில்லை. அது எவ்வழிச் சென்றால் பயன் தரும், எவ்வழிச் சென்றால் கேடு தரும் என்பதையே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

அமெரிக்க நாட்டில் 1982-ஆம் ஆண்டு பைரன் பிரைஸ் என்பவர் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலில் 12 ஓவியங்களும் 12 பாடல்களும் இருந்தன. வெவ்வேறு நகரங்களில் அவர் 12 பெட்டிகளைப் புதைத்து வைத்திருந்தார். ஓவியத்தையும் பாடலையும் இணைத்துப் பொருள் காண்பவர் பெட்டியைத் தோண்டி எடுக்கலாம். அதற்கு ஈடாக ஒரு மணிக்கல் பெறலாம். 1983-இல் சிக்காகோவிலும், 2004-இல் கிளீவ்லாந்திலும், 2019-இல் பாஸ்டனிலும் ஒவ்வொன்று கிடைத்தது. புதைத்தவரோ 2005-இல் காலமானார். எஞ்சியவற்றைத் தொழில்முறை அறிஞர் அல்லாத பல்லாயிரம் பேர் தம் ஓய்வு நேரத்தில் தேடி வருகின்றனர்.

இவ்விளையாட்டில் ஓர் உடன்பாடு அடங்கியிருக்கிறது. புதைத்தவர், பிறர் கண்டுபிடிக்க வேண்டும் என்றே குறிப்பு எழுதினார். நம் நாட்டுக் கல்வெட்டுகளையும் ஓலைகளையும் எழுதியவர்கள் அத்தகைய எண்ணம் உடையவர் அல்லர். அவர்கள் எழுதியவை நிலக்கொடை, விளக்குக்கு வைத்த நெய், ஊட்டுப்புரைக்கு அளந்த நெல், எல்லை வழக்கு என்பனவே. எல்லாரும் படித்து அறிய வேண்டும் என்பதற்காகவே அவற்றைக் கல்லில் வெட்டினர். அவற்றை விடுகதை என்று கருதும்போதே புதையல் தேடுவோரின் முதற் பிழை தொடங்குகிறது.

இதற்குச் சில சான்றுகள் காட்டுகிறேன். கல்லின் தலைப்பில் ஞாயிறும் திங்களும் பொறித்திருக்கும். அவை உள்ளவரை அக்கொடை நிலைக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. தேடுவோர் அதனைத் திசை காட்டும் குறி என்கின்றனர். சூலம் பொறித்த கல் சிவன் கோயில் நிலத்தின் எல்லையைக் காட்டும். சக்கரம் பொறித்த திருவாழிக்கல் திருமால் கோயில் நிலத்தின் எல்லையைக் காட்டும். இவற்றைப் புதையலின் அடையாளம் எனக் கருதி இரவோடிரவாகக் கல்லைப் பெயர்த்து அடியில் தோண்டுகின்றனர். பொன் கிடைப்பதில்லை, கல் இடம் மாறிவிடுகிறது. இடம் மாறிய எல்லைக்கல் எதற்கு எல்லை என்பதைப் பின்னர் எவராலும் கூற இயலாது. இன்னும் ஒன்று. கொடையை அழிப்பவன் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்ற சாபம் கல்வெட்டின் இறுதியில் வரும். அது அறத்திற்கு இட்ட வேலி. அரைகுறையாகப் படித்தவர் அதனைப் பொன்னைக் காக்கும் பூதத்தின் எச்சரிக்கை என்று பரப்பிவிடுகின்றனர்.

ஆண்டுக் கணக்கிலும் இவ்வாறே. நம் பகுதி ஆவணங்களில் வருவது கொல்லம் ஆண்டு. அதனோடு ஆவணி முதல் ஆங்கில ஆண்டின் இறுதி வரை 824-உம், பிற திங்கள்களில் 825-உம் கூட்ட வேண்டும். மார்த்தாண்டவர்மா தம் அரசைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்த திருப்படித்தானம் கொல்லம் 925 மகரம் 5-இல் நிகழ்ந்தது; அஃது ஆங்கில ஆண்டு 1750, சனவரித் திங்கள். 925 என்ற எண்ணை அப்படியே கிறித்துவ ஆண்டாகக் கொள்பவர் எட்டு நூற்றாண்டுகள் பின்னே சென்று, அன்று இல்லாத அரசரின் பொன்னைத் தேடுவார்.

முறையாகத் தேடியவர் பெற்ற பயனையும் காண்போம். பாறசாலைக்குத் தெற்கே, முன்சிறைக்கு அருகில் பார்த்திபபுரம் என்ற ஊர் இருக்கிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே ஒரு திருமால் கோயிலும், 95 மாணாக்கர் பயிலும் ஒரு சாலையும் நிறுவினான். அதனைக் கூறும் செப்பேடுகள் திருவனந்தபுரத்தில் ஹுசூர் கச்சேரி எனப்பட்ட அரசு அலுவலகத்தில் இருந்தன. து. அ. கோபிநாதராவ் அவற்றைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார். செப்பேட்டில் காலக் குறிப்பாக இருப்பது கலியுகம் தொடங்கி 14,49,087 நாள் சென்றது என்னும் எண். இஃதன்றோ உண்மையான புதிர்! இதனை ஓர் ஆண்டின் நாள்களாகிய ஏறத்தாழ 365¼-ஆல் வகுத்தால் 3967 ஆண்டுகளும் சில திங்கள்களும் வரும். கலியுகம் கி.மு. 3102-இல் தொடங்கிற்று என்பது மரபுக் கணக்கு. கழித்துப் பார்த்தால் கி.பி. 866 கிடைக்கும். பென்சிலும் தாளும் உள்ள பள்ளி மாணவனும் செய்யத்தக்க கணக்கு இது. ஆயினும், ஆய் மன்னர் வரலாற்றுக்கு உறுதியான ஒரு காலப்புள்ளி அதனால் அல்லவா கிடைத்தது? அந்த ஏட்டை எவரேனும் செம்பு விலைக்கு உருக்கியிருந்தால் நமக்கு என்ன எஞ்சியிருக்கும்?

இனித் தலைநகருக்குச் செல்வோம். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகளை உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 2011-ஆம் ஆண்டு ஜூன் 27 முதல் திறந்து கணக்கெடுத்தது. பொற்காசுகள், சரங்கள், மணிகள், அயல்நாட்டு நாணயங்கள் ஆகியன வெளிப்பட்டன. செய்தித்தாள்கள் ஓர் இலட்சம் கோடி ரூபாய் என மதிப்புக் கூறின. அது நீதிமன்றம் அறிவித்த தொகையன்று. உலகம் முழுவதும் ‘புதையல் கிடைத்தது’ என்று பேசிற்று.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இங்கே ஒரு சொல்லைக் குறிப்பிட விரும்புகிறேன். மலையாளத்தில் அவ்வறைகளுக்குக் ‘கல்லறை’ என்று பெயர். கல்லால் கட்டிய அறை என்பதே பொருள். நம் தமிழ்ச் செவிக்கு அது பிணம் புதைக்கும் இடம். சொல் ஒன்றே, எல்லையைக் கடக்கும்போது பொருள் மாறி, அச்சமும் மருமமும் உடன் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் அவ்வறைகளுக்கு வியாசர்கோணத்துக் கல்லறை, சரசுவதிகோணத்துக் கல்லறை என்றாற்போலப் பெயர்கள் உண்டு. கோணம் என்றால் மூலை. எந்த மூலையில் எந்த அறை என்று பெயரே இடம் சொல்லுகிறது. சில அறைகள் பூசைக்குரிய பாத்திரங்களுக்காகவும் திருவிழா அணிகளுக்காகவும் வழக்கமாகத் திறக்கப்பட்டு வந்தன. பெயரிட்டு, பூட்டி, பொறுப்பாளரையும் அமர்த்திய அறை புதையல் ஆகாது, அது கருவூலம்.

அறிய விரும்பியோர்க்குத் துப்பும் நெடுங்காலமாகவே இருந்தது. கோயிலின் மதிலகம் ஓலைகள் சுருணைகளாகக் கட்டப்பட்டு அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1933-இல் எமிலி கில்கிரைஸ்ட் ஹாட்ச் என்ற அம்மையார் எழுதிய திருவிதாங்கூர் வழிகாட்டி நூல் அவ்வறைகளின் செல்வத்தைக் குறிப்பிடுகிறது. முன்பு திறக்க முயன்றோர் பாம்புகளைக் கண்டு ஓடியதாகவும் கூறுகிறது. மதிலகம் ஓலைகளை ஆராய்ந்து, அரச குடும்பத்தைச் சேர்ந்த அசுவதி திருநாள் கௌரி இலட்சுமிபாயி கோயிலைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதினார். இறுதியில் அறைகளைத் திறக்கச் செய்தது எது? கடப்பாரையும் மாந்திரீகமும் அன்று. முன்னாள் காவல் அதிகாரியும் வழக்கறிஞருமான டி. பி. சுந்தரராஜன் தொடுத்த வழக்கு. கோயிற் சொத்துக்குக் கணக்கு எங்கே என்ற ஒரே கேள்வி அதில் இருந்தது.

இரண்டாம் அறை இன்னும் கணக்கெடுக்கப்படவில்லை. அதன் கதவு நாகபந்தம் இட்டது, மனிதன் கைபட்டால் கேடு விளையும் என்று கதை பரவிற்று. உச்ச நீதிமன்றத்தின் பணிப்படி தணிக்கை செய்த வினோத் ராய், 1990-இலும் 2002-இலுமாக அவ்வறை ஏழு முறையேனும் திறக்கப்பட்டது என 2014-இல் அறிக்கை தந்தார். திறக்கப்பட்டது முன்னறை மட்டுமே என்பது அரச குடும்பத்தின் மறுமொழி. வழக்கின் நியாயத்தைச் சீர்தூக்குவது என் வேலையன்று. கதை சொல்லுவதும் கணக்கு சொல்லுவதும் வேறுபடுகையில் துப்பறிவோன் எதை முதலில் புரட்ட வேண்டும் என்பதையே சுட்டுகிறேன். 2020-ஆம் ஆண்டு ஜூலை 13-இல் தந்த தீர்ப்பில், அவ்வறையைத் திறப்பதா என்ற முடிவை நீதிமன்றம் கோயிற் குழுக்களிடமே விட்டுவிட்டது.

நேயர்களே, நம் எல்லைப்புற ஊர்களின் உண்மையான ஆபத்து எது? 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஊரைப் பிரித்தனர், ஏடுகளை எவரும் பிரிக்கவில்லை. பனையோலையில் வட்டெழுத்திலும் கோலெழுத்திலும் மலையாண்மையிலும் தமிழிலும் எழுதிய ஒற்றிகளும் பாகப்பத்திரங்களும் இரு பக்கத்து வீடுகளிலும் பரணில் கிடக்கின்றன. சக்கரம், பணம் என்று பேசும் அவ்வேடுகளைப் படிப்பவர் குறைந்துவிட்டனர். பேரன் தமிழ் எழுத்து மட்டுமோ மலையாள எழுத்து மட்டுமோ அறிவான். இரண்டிற்கும் முற்பட்ட எழுத்து அவனுக்குக் கறையான் தின்னும் குப்பை. பழைய வீட்டை இடிக்கும் நாளில் மரமும் ஓடும் விலைக்குப் போகும். ஓலைக்கட்டு அடுப்புக்குப் போகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுப் பக்கம் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையற் சட்டம். கேரளப் பக்கம் 1968-ஆம் ஆண்டின் கேரளப் புதையற் சட்டம். எல்லைக்கு எப்பக்கம் மண் வெட்டிக் காசுப்பானை கண்டாலும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிப்பது கடமை. 2019-இல் திருவனந்தபுரம் மாவட்டத்துக் கீழ்ப்பேரூரில் ஒருவர் தம் நிலத்தில் பயிரிடத் தோண்டியபோது பழைய திருவிதாங்கூர்ச் செப்புக் காசுகள் நிறைந்த பானை கிடைத்தது. அதுவும் முறைப்படி அதிகாரிகளிடம் சேர்ந்தது. எடுத்த இடம், ஆழம், உடன் கிடைத்த ஓடு ஆகியன தெரிந்தால் காசு வரலாறு பேசும். உருக்கிவிட்டால் அது வெறும் செம்பு.

ஆகவே, துப்புத் துலக்கும் ஆர்வமுள்ள இளைஞர்க்கு வேலை நிறைய உண்டு. இரண்டோ மூன்றோ பேர் கூடி வட்டெழுத்து கற்கலாம். அதற்குச் சில மாதப் பயிற்சி போதும். ஊர்க் கல்வெட்டைத் தொடாமல், சுண்ணாம்பு பூசாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுக்கலாம். பரணில் உள்ள ஓலைக்கட்டைக் கண்டால் எந்த வீடு, யார் கொடுத்தது என்று குறித்து ஆவணக் காப்பகத்தாருக்குத் தெரிவிக்கலாம். ஒரு பழைய பாகப்பத்திரத்தில் உங்கள் குளத்தின் மறந்துபோன பெயரும், வெட்டியவர் பெயரும், அதில் நீர் பாய்ந்த வயல்களின் எல்லையும் இருக்கக்கூடும். குளத்தைத் தூர்த்து மனையாக்க ஒருவர் முனையும் நாளில் அந்த ஓலை ஊரார் கையில் இருப்பது, ஒரு குடம் பொன் இருப்பதற்குக் குறைந்ததன்று.