தெரியாத எண்ணும் வியாபாரியும்

(கூக்காலில் பூண்டு வியாபாரிகளும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்காதீர்கள்" என்று எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அது நல்ல யோசனைதான். உங்களுக்கு? கூக்காலிலும் பூம்பாறையிலும் பூண்டு எடுத்து வடுகபட்டி சந்தைக்கு இறக்குகிற வியாபாரிக்குத் தெரியாத எண் என்றால் புதுக் கிராக்கி. 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தூரத்து ஊர்க்காரரும் பெயர் சொல்லிக் கேட்க வழி பிறந்தது. அவர் போன் செய்யும்போது எடுக்காமல் இருந்தால் சரக்கு மூட்டையிலேயே கிடக்கும். எனவே எடுக்கத்தான் வேண்டும். எடுத்த பிறகு என்ன செய்வது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் தொல்லையைப் பார்ப்போம். கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா, மனை வேண்டுமா என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை! இதைத் தடுக்க 2007-லேயே பதிவேடு வந்தது. 2010-லும் 2018-லும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிகளை இறுக்கியது. 1909 என்ற எண்ணுக்குப் போன் செய்து "விளம்பர அழைப்பு வேண்டாம்" என்று பதிந்துகொள்ளலாம். செலவில்லை. உங்கள் கிராக்கியின் அழைப்பு இதனால் நிற்காது, பயப்பட வேண்டாம். முறையாகப் பதிவு செய்த விளம்பரக்காரனின் எண் 140-ல் தொடங்கும். வங்கிகள் கணக்கு விஷயமாகப் பேசுவதற்கு 1600-ல் தொடங்கும் எண்ணையே பயன்படுத்த வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. சாதாரணப் பத்து இலக்க எண்ணில் பேசிக்கொண்டு "நான் வங்கி மேனேஜர்" என்பவனை இனி எந்த வரிசையில் வைப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பதிவு செய்யாமல் பத்து இலக்க எண்ணிலிருந்து தொல்லை கொடுப்பவனை என்ன செய்வது? 2025 பிப்ரவரியில் திருத்திய விதிப்படி, நீங்கள் 1909-ல் பதியாதவராக இருந்தாலும் அவன்மீது ஏழு நாளுக்குள் புகார் கொடுக்கலாம். பத்து நாளுக்குள் ஐந்து பேர் புகார் செய்தால் அந்த எண்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். ஐந்தே பேர்! ஒரு கடைவீதியில் எத்தனை கடை இருக்கிறது? ஒரே ஆள் எல்லாக் கடைக்கும் போன் போடுகிறான். எல்லோரும் திட்டுகிறோம், கட் செய்கிறோம், டீ குடிக்கப் போய்விடுகிறோம். திட்டியது அவனுக்கு உறைக்காது. ஐந்து புகார் உறைக்கும்.

அடுத்தது திருட்டு. இதில் வியாபாரிக்கென்றே தைத்த சட்டை ஒன்று இருக்கிறது. "இராணுவ முகாமிலிருந்து பேசுகிறேன், இத்தனை மூட்டை வேண்டும்" என்பான். பேரம் பேச மாட்டான். கேட்ட விலைக்கு ஒத்துக்கொள்வான். பேரமே பேசாத கிராக்கியை நம் சந்தையில் பார்த்திருக்கிறீர்களா? அங்கேயே விழித்துக்கொள்ள வேண்டாமா? சீருடை போட்ட படம் வரும், அடையாள அட்டையின் படம் வரும். "எங்கள் இராணுவக் கணக்கு வேறு மாதிரி, நீங்கள் ஒரு ரூபாய் அனுப்புங்கள், இரண்டு ரூபாய் திருப்பி வரும்" என்பான். வரும்! அந்த இரண்டு ரூபாய்தான் தூண்டில் புழு. பிறகு "முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்பான். போட்ட மாத்திரத்தில் பணம் உங்களிடமிருந்து போய்விடும். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் எப்போதுமே தேவையில்லை, கொடுப்பதற்குத்தான் தேவை. இது ஒன்றை வீட்டுப் பெண்களுக்கும் கடைப் பையனுக்கும் சொல்லி வையுங்கள். "டிஜிட்டல் கைது" என்று வீடியோவில் மிரட்டுகிறவனுக்கும் பயப்படாதீர்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை.

பணம் போய்விட்டது. பிறகு? இங்கேதான் நம் ஆட்கள் பெரிய நஷ்டம் அடைகிறார்கள். ஏமாந்த பணத்தைவிட, ஏமாந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டு விடுகிற நேரத்தில் போகும் பணம்தான் அதிகம் என்பது என் எண்ணம். மஹல்லாவில் பேச்சாகிவிடும், மச்சான் சிரிப்பார் என்று இரண்டு நாள் வாய் திறப்பதில்லை. 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் என்ன நடக்கிறது தெரியுமா? பணம் எந்த வங்கிக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் போகும். பணம் அங்கேயே இருந்தால் பிடித்து வைப்பார்கள். வேறு வங்கிக்குத் தாவியிருந்தால் அங்கே துரத்துவார்கள். ரொக்கமாக எடுத்துவிட்டால் தொடர் அறுந்தது. முதல் ஒரு மணி நேரம் மூட்டைக் கணக்கில் விலை பெறும். வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, ரகசிய எண்ணை நீங்களே கொடுத்துவிட்டாலும், வங்கிக்குத் தெரிவிக்கும் வரைக்கான நஷ்டம்தான் உங்களுடையது. தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. அப்படியிருக்க, வெட்கத்துக்கு எவ்வளவு விலை கொடுப்பது?

இளைஞர்களே, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. திருடியவன் பணத்தைத் தன் கணக்கில் போடமாட்டான். "உன் கணக்கைக் கொடு, கமிஷன் தருகிறேன், ஒரு சிம் வாங்கிக் கொடு" என்று உங்களைத் தேடி வருவான். எந்த விதவையின் நகை விற்ற பணம் அதில் வந்து போகிறதோ! அந்தக் கமிஷன் ஹராம் என்பதில் சந்தேகம் வேண்டாம். போலீஸ் முதலில் வருவதும் உங்கள் வாசலுக்கே. மோசடியாக சிம் பெற்றால் 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டுமே. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்தாலும் ஆயிரம் முறை விசாரியுங்கள். அப்படி நம்பிப் போனவர்களை மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, அடைத்து வைத்து, அடித்து, இதே மோசடியைச் செய்ய வைத்தார்கள். 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டு சென்னை வந்தார்கள்.

கடைசியாக வியாபாரிகளுக்கு. திருட்டுப் பணத்தில் ஒருவன் உங்களிடம் சரக்கு வாங்கினாலும் உங்கள் கணக்கு முடங்கலாம். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் பிடித்து வைக்காமல் முழுக் கணக்கையும் முடக்குவது தவறு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டு வாதாட உங்கள் கையில் சீட்டு வேண்டும். போனில் பேசி விற்ற சரக்காக இருந்தாலும் தேதி, மூட்டை எண்ணிக்கை, லாரி நம்பர், வாங்கியவர் பெயர் எழுதிய பில் ஒன்றைக் கிழித்து ஃபைலில் போடுங்கள்.