குரங்குக் கணக்கும் அப்பா வயதுக் கணக்கும்



மதுரையில் கணிதம் பேச வந்தவன் ஒரு மதுரைக்காரரிடமிருந்துதானே தொடங்க வேண்டும்? கணித ஆசிரியர்களே, ஒன்பதாம் வகுப்பில் டி மார்கன் விதிகளை நடத்துகிறீர்களே, அந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் பிறந்தது இந்த மதுரையில்தான். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. கைக்குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். 1828-இல், 22 வயது நிரம்பும் முன்பே, லண்டனில் கணிதப் பேராசிரியர் ஆகிவிட்டார் அவர்.

கணிதம் படிப்பவர்களுக்கு எங்கெங்கே சிக்கல் வருகிறது என்று 1831-இல் ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு கணக்கு. தந்தைக்கு வயது 56, மகனுக்கு 29. இன்னும் எத்தனை ஆண்டில் தந்தையின் வயது மகன் வயதைப் போல் இரண்டு மடங்காகும்? போட்டுப் பாருங்கள். விடை மைனஸ் 2. அப்படியென்றால் இரண்டு ஆண்டுக்கு முன்பே ஆகிவிட்டது: அப்பாவுக்கு 54, பிள்ளைக்கு 27. நம் மாணவி ஒருத்தி இதைச் சொன்னால் சபாஷ் என்போம். டி மார்கன் சொன்னாரா? இல்லை. இது பொருந்தாத விடை, கேள்வியையே திருத்திக் கேட்க வேண்டும் என்றார்!

பேராசிரியருக்கே அந்த மைனஸ் உறுத்தியிருக்கிறது. அவருடைய மாமனார் வில்லியம் ஃப்ரெண்ட் இன்னும் ஒருபடி மேலே. குறை எண்ணே ஆகாது என்று 1796-இல் ஒரு இயற்கணித நூலே எழுதியவர்.

வெள்ளைக்காரனுக்குப் புரியவில்லை, நம்மவருக்குப் புரிந்தது என்று கை தட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். 1150-ஆம் ஆண்டு வாக்கில் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதத்தில் ஒரு குரங்குக் கூட்டம் வருகிறது. கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து, அதில் மூன்றைக் கழித்து, வருவதை வர்க்கம் செய்தால் எத்தனையோ, அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. மீதி ஒன்றே ஒன்று கிளையில் உட்கார்ந்திருக்கிறது. மொத்தம் எத்தனை?

பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடுதான். இரண்டு விடை வரும். ஒன்று 50. ஐந்தில் ஒரு பங்கு 10, மூன்று போனால் 7, வர்க்கம் 49, கிளையில் ஒன்று. சரி. இன்னொரு விடை 5. ஐந்தில் ஒரு பங்கு 1, மூன்று போனால் மைனஸ் 2, வர்க்கம் 4, கிளையில் ஒன்று. கணக்கும் இடிக்கவில்லை. ஆனால் ஒரு குரங்கிலிருந்து மூன்று குரங்கைக் கழிப்பது எப்படி? இதை உலகம் ஏற்காது என்று பாஸ்கரர் ஐந்தை விலக்கிவிட்டார். அவருக்கு ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே, 628-இல், பிரம்மகுப்தர் குறை எண்களைக் கூட்டவும் பெருக்கவும் விதி வகுத்திருந்தார். விதி கையில் இருந்தும் பாஸ்கரர் மனம் இசையவில்லை. அந்தப் பிரம்மகுப்தரே பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்று எழுதியவர். இன்றைக்கு எந்த ஆசிரியரும் அதற்கு மதிப்பெண் போடமாட்டார். அவருக்கும் முன்னால், மூன்றாம் நூற்றாண்டிலேயே, சீனத்து லியூ ஹுய் மிகைக்குச் சிவப்புக் குச்சி, குறைக்குக் கறுப்புக் குச்சி என்று பிரித்து வைத்துக் கணக்குப் போடச் சொல்லிவிட்டார். அதனால் யார் முதலில் என்ற வழக்கை நீதிமன்றத்துக்கு விட்டுவிடுவோம். வகுப்பறைக்கு அது உதவாது.

வகுப்பறைக்கு உதவுவது எது? ஏழாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "சார், மைனஸும் மைனஸும் பெருக்கினா எப்படி சார் பிளஸ் வரும்?" என்று கேட்கிறான். நாம் என்ன சொல்கிறோம்? "அது ரூல்டா, உட்காரு." கேட்டவன் மக்கு என்று நினைக்கிறோம். அவன் மக்கு இல்லை, ஐயா! பாஸ்கரரும் டி மார்கனும் தயங்கிய இடத்தில் வந்து நிற்கிறான். உண்மையில் அங்கே தயங்காமல் தாண்டுகிற பிள்ளையைப் பார்த்துத்தான் நாம் கவலைப்பட வேண்டும். அது புரியாமலே ஒப்பிக்கிறது.

சிலர் கடனை வைத்து விளக்குகிறோம். கூட்டலுக்குக் கடன் கைகொடுக்கும். ஐந்து ரூபாய் கடனும் ஏழு ரூபாய் கடனும் சேர்ந்தால் பன்னிரண்டு ரூபாய் கடன். பெருக்கலுக்கு? ஐந்து ரூபாய் கடனை ஏழு ரூபாய் கடனால் பெருக்குவது எந்தக் கடைக்காரர் நோட்டில் இருக்கிறது? அங்கே வரலாறு கைகொடுக்கிறது. பெல்ஜியம் நாட்டு புரூஜ் நகரில் பிறந்த சைமன் ஸ்டெவின் 1585-இல் இதற்கு எண்களையே சாட்சிக்குக் கூப்பிட்டார். எட்டில் ஐந்து போனால் 3. ஒன்பதில் ஏழு போனால் 2. பெருக்கினால் 6. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. இப்போது கழிக்காமல் அப்படியே பிரித்துப் பெருக்குங்கள். எட்டொன்பது 72. அதில் எட்டேழு 56 போக வேண்டும், ஐயொன்பது 45 போக வேண்டும். மைனஸ் 29-இல் வந்து நிற்கிறது. மீதி இருப்பது மைனஸ் ஐந்தும் மைனஸ் ஏழும். அதை மைனஸ் 35 என்றால் விடை மைனஸ் 64. பிளஸ் 35 என்றால் 6. தீர்ப்பை அந்தப் பையனே சொல்லிவிடுவான்!

"போர்ஷன் முடிக்கவே நேரமில்லை, கதை சொல்ல நேரம் ஏது?" என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரியும். நியாயமான கேள்வி. நான் சொன்னது கதை இல்லை, கணக்கு. கரும்பலகையில் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்காததால்தான் பத்தாம் வகுப்பில் குறி மாறி மாறி மதிப்பெண் போகிறது, அப்புறம் சிறப்பு வகுப்பு வைக்கிறோம். பிள்ளைகளை ஆயிரம் ஆண்டு நடக்கவிடச் சொல்லவில்லை. பெரியவர்கள் எங்கே இடறினார்கள் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால், பிள்ளை இடறும் இடம் முன்கூட்டியே தெரியும் என்றுதான் சொல்கிறேன்.

எனவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. புதிதாக ஒரு பாடத்துக்குப் பாடக்குறிப்பு எழுதும்போது, கற்றல் விளைவுகளுக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: இதை ஏற்க மறுத்தவர் யார், ஏன் மறுத்தார்? அந்த வரிக்கு விடை தேடிவிட்டு வகுப்புக்குப் போங்கள். எதிர்க்கேள்வி கேட்கும் மாணவனிடம், "இதே கேள்வியைப் பெரிய பெரிய கணித மேதைகளும் கேட்டார்கள், வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். கணக்கு தனக்கு வராது என்று முடிவு கட்டியிருக்கும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய தைரியம் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் கிடைக்காது.