திருவனந்தபுரம் விமான நிலையம்: ஓடுபாதை, கட்டணம், உழைப்பு

திருவனந்தபுரம் சர்வதேச விமான நிலையம் நகரத்துக்கும் அரபிக்கடலுக்கும் இடையில் இருக்கிறது. ஒரு பக்கம் சங்குமுகம் கடற்கரை, மறுபக்கம் சாக்கை. கழக்கூட்டத்திலிருந்து வருபவர்கள் தேசிய நெடுஞ்சாலை 66இன் புறவழிச்சாலையில் ஆக்குளம், வெண்பாலவட்டம் தாண்டிச் சாக்கைக்கு வந்து சேர்கிறார்கள். 2022 நவம்பரில் கழக்கூட்டம் மேம்பாலம் திறக்கப்பட்ட பிறகு டெக்னோபார்க் தொழில்நுட்பப் பூங்காவின் வாசலில் நெரிசலில் நிற்கும் நேரம் மிச்சமானது.

இந்த நிலையத்தை நம்பியிருப்பவர்கள் பலவகை. 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்கின் மென்பொருள் ஊழியர்கள், தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு வருபவர்கள், வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் குடும்பத்தினர் ஆகியோருடன் கன்னியாகுமரி மாவட்டத் தமிழர்களும் இதில் சேர்வார்கள். நாகர்கோவிலிலிருந்து துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ போகிறவருக்குச் சென்னையும் மதுரையும் தொலைவு. மாநில எல்லையான களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம். 1956 வரை அந்தப் பகுதியும் திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும்தான் இருந்தது.

நிலையத்தின் தொடக்கமும் திருவிதாங்கூர் காலத்தைச் சேர்ந்தது. 1932இல் கோதவர்ம ராஜா, அதாவது ஜி. வி. ராஜா, முன்னின்று நடத்திய பறத்தல் கழகத்தோடு இதன் வரலாறு ஆரம்பிக்கிறது. 1935இல் டாட்டா நிறுவனத்தின் சிறு விமானம் தபாலோடு இங்கே வந்து இறங்கியது. எழுபதுகளின் இறுதியில் வளைகுடாச் சேவை தொடங்கியது. பிறகு கொழும்பு, மாலே வழித்தடங்கள் வந்தன. 1991 ஜனவரி 1 அன்று இது சர்வதேச விமான நிலையமாக அறிவிக்கப்பட்டது. பெருநகரங்களுக்கு வெளியே அந்தத் தகுதியைப் பெற்ற முதல் நிலையம் இதுவே.

ஓடுபாதை ஒன்றுதான். நீளம் சுமார் 3,400 மீட்டர். பெரிய விமானங்களும் இறங்கப் போதுமான நீளம் அது. ஆனால் மாற்றுப் பாதை இல்லாததால், அது மூடப்பட்டால் நிலையமே நின்றுவிடும். ஆண்டுக்கு இருமுறை அப்படி நிற்கவும் செய்கிறது. பத்மநாப சுவாமி கோவிலின் பங்குனி, ஐப்பசித் திருவிழாக்கள் சுவாமியைக் கடலில் நீராட்டும் ஆறாட்டோடு முடிகின்றன. சுவாமி ஊர்வலம் சங்குமுகம் கடலுக்குப் போகும் பழைய வழி ஓடுபாதையின் குறுக்கே செல்கிறது. ஆகவே அன்று மாலை சுமார் ஐந்து மணி நேரம் விமானங்கள் இறங்குவதும் இல்லை, புறப்படுவதும் இல்லை. நேர மாற்றம் முன்கூட்டியே நோட்டாம் என்னும் அறிவிப்பின் மூலம் விமானிகளுக்குத் தெரிவிக்கப்படுகிறது.

பராமரிப்புக்கும் இதே சிக்கல் உண்டு. 2025 ஜனவரி நடுவிலிருந்து மார்ச் இறுதி வரை ஓடுபாதைக்குப் புதிய மேற்பரப்பு போடப்பட்டது. அந்த நாட்களில் காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு மணி வரை பாதை மூடப்பட்டது. பகல் விமானங்கள் அதிகாலைக்கும் இரவுக்கும் மாறின. இரவில் வேலை செய்யும் பணியாளர்களின் சுமையும் அதற்கேற்பக் கூடியது.

முனையங்கள் ஓடுபாதையின் இரு புறமும் பிரிந்து கிடக்கின்றன. சங்குமுகம் பக்கம் இருப்பது உள்நாட்டு முனையம். சாக்கைப் பக்கம் 2011இல் திறக்கப்பட்டது சர்வதேச முனையம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சாலை வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். சில உள்நாட்டு விமானங்களும் சர்வதேச முனையத்திலிருந்து புறப்படுவதால், பயணச்சீட்டில் முனைய எண்ணைப் பார்க்காமல் கிளம்புகிறவர் வாடகைக் காருக்கு இரண்டாவது முறை பணம் கொடுக்க நேரும். சாக்கையில் போயிங் 737 விமானங்களைப் பழுது பார்க்கும் ஏர் இந்தியா கூடமும் இருக்கிறது. 2025 ஜூன் 14 அன்று அவசரமாகத் தரையிறங்கிய பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35 போர் விமானம் பழுதாகி நின்றபோது, அதை நிறுத்திச் சீர்செய்ய இந்தக் கூடம்தான் பயன்பட்டது. ஜூலை 22 அன்று அது கிளம்பிப் போனது.

விமான நிலையம் என்று ஒரே பெயரில் சொல்லப்பட்டாலும், உள்ளே இயங்குபவை பல அமைப்புகள். கட்டடமும் கடைகளும் வாகன நிறுத்துமிடமும் நடத்துநரிடம். வான்வழிக் கட்டுப்பாடு இந்திய விமான நிலைய ஆணையத்திடம். பாதுகாப்புச் சோதனை சி.ஐ.எஸ்.எஃப். படையிடம். குடியேற்றச் சோதனையும் சுங்கமும் மத்திய அரசிடம். செக்-இன் கவுன்டர் விமான நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டிகளை ஏற்றி இறக்குவது பெரும்பாலும் தனியான தரைப்பணி நிறுவனம்.

நடத்துநர் யார் என்பதில் நீண்ட வழக்கு நடந்தது. 2019 பிப்ரவரியில் ஏலம் விடப்பட்டபோது, பயணி ஒருவருக்கு ஆணையத்துக்குத் தரும் தொகையாக அதானி நிறுவனம் 168 ரூபாய் குறித்தது. கேரள மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம் 135 ரூபாய் குறித்தது. மாநிலத்தின் தொகை பத்து விழுக்காட்டு வித்தியாசத்துக்குள் இருந்திருந்தால், உயர்ந்த விலைக்கு ஈடுகொடுத்து நிலையத்தைப் பெறும் முன்னுரிமை அதற்குக் கிடைத்திருக்கும். அந்த வரம்பைத் தாண்டியதால் வாய்ப்பு போனது. 2020 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கேரளச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. 2021 அக்டோபர் 14 அன்று நிலையம் 50 ஆண்டுக் குத்தகையில் கைமாறியது.

இதன் விளைவு பயணச்சீட்டில் தெரிகிறது. விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூலை முதல் பயணிகள் பயன்பாட்டுக் கட்டணத்தை உயர்த்தியது. உள்நாட்டுப் பயணம் புறப்படுகிறவருக்கு 506 ரூபாயாக இருந்தது 770 ஆனது. வெளிநாடு செல்கிறவருக்கு 1,069 ரூபாய் 1,540 ஆனது. வந்து இறங்குகிறவரும் கட்ட வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. விரிவாக்கத்துக்குப் பணம் வேண்டும் என்பது நடத்துநரின் வாதம். 2024இல் ஏறத்தாழ 49 லட்சம் பேர் பயன்படுத்திய நிலையம் இது. கட்டடங்கள் அதற்குப் போதவில்லை என்பதும் உண்மை.

விமான நிலையங்களை நடத்தக் கனடாவில் வேறொரு முறை இருக்கிறது. தொண்ணூறுகளில் அந்நாட்டு அரசு பெரிய விமான நிலையங்களின் நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, நிர்வாகத்தை லாப நோக்கற்ற உள்ளூர் அமைப்புகளுக்குக் குத்தகைக்குத் தந்தது. தமிழர்கள் அதிகம் பயன்படுத்தும் டொரண்டோ பியர்சன் அப்படித்தான் நடக்கிறது. பங்குதாரருக்கு லாபம் போகாது. ஆனால் அரசுக்கு நிலவாடகை போகிறது. அங்கும் மேம்பாட்டுக் கட்டணம் பயணச்சீட்டில் ஏறுகிறது. யார் நடத்தினாலும் கட்டணம் பயணியிடமிருந்தே வசூலாகிறது.

பணியாளர் நிலையில் பிரச்சினை இன்னும் கூர்மையானது. பயணி கண்ணில் படும் பலர் விமான நிறுவனத்தின் நேரடி ஊழியர்கள் அல்லர். 2024 செப்டம்பரில் தரைப்பணி ஊழியர்கள் ஊதியமும் போனஸும் கேட்டுத் திருவனந்தபுரத்தில் வேலைநிறுத்தம் செய்தபோது விமானங்கள் தாமதமாயின. பெட்டிகளுக்காகப் பயணிகள் காத்துக்கிடந்தார்கள். பேச்சுவார்த்தையில் உடன்பாடு வந்த பிறகே வேலை சீரடைந்தது. அதே ஆண்டு மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானப் பணியாளர்கள் பெருந்தொகையாக உடல்நலக் குறைவு விடுப்பு எடுத்தார்கள். ஏர் ஏசியா இந்தியாவுடன் இணைப்பு நடந்தபோது பணி நிபந்தனைகள் மோசமானதாக அவர்கள் கூறினார்கள். நிறுவனம் 25 பேரைப் பணிநீக்கம் செய்தது. தொழிலாளர் ஆணையரின் முன்னிலையில் நடந்த சமரசத்துக்குப் பிறகு திரும்ப எடுத்துக்கொண்டது. இதற்கிடையில் வளைகுடாவில் வேலைக்குத் திரும்ப வேண்டிய பலர் கேரள நிலையங்களில் மாட்டிக்கொண்டார்கள்.

விமானிகளின் களைப்பைக் குறைக்க, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. புதிய விதிகளைக் கொண்டுவந்தது. வாராந்தர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக 2025 ஜூலையில் உயர்ந்தது. இரவுப் பணியில் தரையிறக்கங்கள் இரண்டாகக் குறைக்கப்பட்டது நவம்பரில். போதிய விமானிகளை ஏற்பாடு செய்யாததால் டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ நாடெங்கும் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. இரவுப் பணி விதிகளில் அதற்குத் தற்காலிக விலக்கு தரப்பட்டது. விதி இருப்பது வேறு, ஆள் இருப்பது வேறு என்பதை அந்த வாரம் காட்டியது. கனடாவிலும் 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் விமானப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விமானம் தரையில் நிற்கும்போது செய்யும் வேலைக்கும் ஊதியம் வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை.

பயணிக்கான உரிமைகளும் எழுத்தில் இருக்கின்றன. உரிய முன்னறிவிப்பு இல்லாமல் ரத்து செய்தால், நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணம் இல்லாதபட்சத்தில், பயண நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை இழப்பீடு உண்டு. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை அதைவிடக் குறைந்தால் அதுவே இழப்பீடு. ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். பெட்டி வராததற்கும் ரத்துக்கும் விமான நிறுவனத்தைக் கேட்க வேண்டும். வாகன நிறுத்தக் கட்டணத்துக்கும் முனையத்தின் வசதிக்கும் நடத்துநரைக் கேட்க வேண்டும். அங்கே தீராத புகார்களை ஏர்சேவா இணையதளத்தில் பதிவு செய்யலாம். அதற்குப் பயணச்சீட்டையும் போர்டிங் பாஸையும் பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.