ஷாப்ட்ஸ்பரிப் பிரபு



உயர்குடியிற் பிறந்தோர் வாழ்வில் இன்பமே நிறைந்திருக்கும் என்று எண்ணுதல் உலக இயல்பு. விக்டோரியா மகாராணியார் காலத்தில் வாழ்ந்த ஏழாவது ஷாப்ட்ஸ்பரிப் பிரபுவின் வரலாறு அவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகின்றது.

1801ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரிற் பிறந்த அன்தனி ஆஷ்லி கூப்பருக்குச் செல்வம் இருந்தது. பெற்றோரின் பரிவு இருக்கவில்லை. தந்தையார் கண்டிப்பே உருவானவர். தாயாரோ விருந்துகளிலும் கேளிக்கைகளிலும் மனம் வைத்தவர். அம்மாளிகையில் அக்குழந்தைக்கு அன்பு காட்டிப் பிரார்த்தனை சொல்லிக்கொடுத்தவள் மரியா மில்லிஸ் என்னும் பணிப்பெண்ணே. அவர் சிறுவராயிருந்தபோதே அவள் இறந்தாள். அவள் விட்டுச்சென்ற கடிகாரத்தை அவர் முதுமையிலும் அணிந்திருந்தார்.

1826இல் பாராளுமன்றம் புகுந்த அவர், கேட்பாரற்ற குழந்தைகளுக்காகப் பேசினார். நிலக்கரிச் சுரங்கங்களிலே ஐந்தாறு வயதுக் குழந்தைகள் இருளில் தனித்திருந்து, வண்டிகள் வரும்போது கதவு திறந்துவிட்டனர். சற்று வளர்ந்தோர் தவழ்ந்தவாறே வண்டிகளை இழுத்தனர். 1842இல் அவர் கொண்டுவந்த சட்டம், பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரும் நிலத்தின்கீழ் வேலைசெய்வதைத் தடுத்தது. பெண்களுக்கும் இளையோருக்கும் ஆலை வேலை நாளொன்றுக்குப் பத்து மணி நேரமே என்று விதித்த சட்டம் 1847இல் நிறைவேறியபோது அவர் சபையில் இல்லை. ஜோன் பீல்டன் என்பவரே அதனை முன்னின்று நிறைவேற்றினார். எனினும் அதற்கு முந்திய பல்லாண்டுப் போராட்டம் ஷாப்ட்ஸ்பரியினுடையது.

தாம் சிறுவயதிற் பெறாத இன்பத்தை அவர் தம் இல்லறத்திலே கண்டார். 1830இல் எமிலி கௌப்பர் சீமாட்டியை மணந்து, பத்து மக்களுக்குத் தந்தையானார். எமிலியின் அன்னையார் பின்னர் பாமர்ஸ்டன் பிரபுவை மணந்தமையால், பிரதம மந்திரியின் குடும்பத்தோடும் அவருக்கு உறவு உண்டாயிற்று. ஆயினும் துயரம் அவரை விடவில்லை. ஹரோ பள்ளியிற் பயின்ற மகன் பிரான்சிஸ் 1849இல் மறைந்தான். காக்கைவலிப்பால் வருந்திய மோரிஸ் 1855இல் இறந்தான். மகள் மேரி 1861இல் மறைந்தாள். 1872ஆம் ஆண்டோ மனைவியையும் மகள் கொன்ஸ்டன்ஸையும் ஒருங்கே கொண்டுபோயிற்று.

1851இல் தந்தையார் இறந்தபின் பிரபுப் பட்டத்தோடு அவருக்குக் கடனும் வந்து சேர்ந்தது. அவ்வாறிருந்தும் தம் நிலத்திலுள்ள தொழிலாளர் குடிசைகளைத் திருத்தியமைத்தார். பிறர் ஆலையிற் குறைகாண்பவர் தம் வீட்டு முற்றத்தை முதலிற் பெருக்கவேண்டும் அன்றோ!

1885இல் அவர் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்து இறுதி வழிபாட்டின்போது வறியோர் பெருந்திரளாகக் கூடினர். பிக்கடில்லியில் ஈரோஸ் என்று மக்கள் வழங்கும் சிறகுடைய உருவம், 1893இல் அவர் நினைவாகத் திறக்கப்பட்ட நீரூற்றின் உச்சியிலே நிற்பதாகும்.

பெற்றோர் தராத அன்பைப் பணிப்பெண் ஒருத்தி தந்தாள். பெற்றுக்கொண்ட அவர் அதனைப் பல்லாயிரம் ஏழைக் குழந்தைகளுக்குப் பகிர்ந்தளித்தார்.