எட்டாம் நம்பர் சட்டை

(நம் குடியிருப்பின் சிறுவர் கிரிக்கெட் அணிக்குப் புது ஜெர்சி வழங்கிய நாளில், கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் பேசியது. அன்று வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



இந்த மேசையில் 14 ஜெர்சி இருக்கிறது. இன்று காலை செயலாளர் ஒரு சிக்கலைச் சொன்னார். ஏழாம் நம்பர் வேண்டும் என்று ஐந்து பேர் நிற்கிறார்களாம். எட்டாம் நம்பரை வாங்க ஆளே இல்லையாம்.

ஏன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆடித்தபசு முடிந்த வாரம் நடந்த இறுதி ஆட்டத்தில், கடைசி ஓவரில் நம் பையன் ஒருவன் கேட்சை நழுவவிட்டான். அவன் போட்டிருந்தது எட்டு. உடனே ஒரு பால்கனியிலிருந்து, "எட்டாம் நம்பரைப் போட்டுக்கிட்டு இறங்கினா எப்படி விளங்கும்?" என்று ஒரு குரல் வந்தது. அந்தக் குரல் என்னுடையது. முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் அப்படிப் பேசிவிட்டேன். அந்தப் பையன் அதற்குப் பிறகு விளையாட இறங்கவே இல்லை. அதனால்தான் இன்று மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

ராசியான நம்பர் என்று ஒன்று உண்டா? உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் என்னோடு போட்டுப் பாருங்கள்.

முதலில் நம் தோனியின் 7. சென்னை சூப்பர் கிங்ஸ் 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து முறை ஐ.பி.எல். கோப்பையை வென்றது. ஏழு ராசியான நம்பர் என்கிறோம். ஆனால் 2008, 2012, 2013, 2015, 2019 ஆகிய ஐந்து இறுதி ஆட்டங்களில் அதே அணி தோற்றது. அப்போதும் தோனியின் முதுகில் இருந்தது அதே ஏழுதான். பத்து இறுதி ஆட்டம், ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. காசைச் சுண்டிப் போட்டாலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான் வரும். 2025-இல் அந்த அணி புள்ளிப் பட்டியலில் கடைசி இடத்தில் முடித்ததே, அப்போது ஏழு எங்கே போயிற்று? தோனியே சொல்லியிருக்கிறார், ராசி பார்த்து எடுத்த நம்பர் இல்லை, பிறந்த நாள் ஜூலை 7 என்பதால் எடுத்தேன் என்று.

அடுத்து விராட் கோலியின் 18. பெங்களூரு அணி 2025-இல் முதல் முறையாகக் கோப்பையை வென்றது. அது ஐ.பி.எல்.லின் 18-ஆவது ஆண்டு. "பார்த்தீங்களா, 18!" என்று ஊரே சொன்னது. சரி, அதற்கு முந்தைய 17 வருஷமும் அவர் அதே அணிக்குத்தானே ஆடினார்? 2009, 2011, 2016 இறுதி ஆட்டங்களில் அந்த அணி தோற்றதே. பலித்த ஒரு வருஷம் மனசில் நிற்கிறது, பலிக்காத 17 வருஷம் மறந்துபோகிறது. ராசிக் கணக்கு எல்லாமே இப்படித்தான் உருவாகிறது.

எண் ஜோதிடம் பார்ப்பவர்கள் கூட்டுத்தொகை பார்க்கச் சொல்வார்கள். அதையும் பார்த்தேன். 18-ஐக் கூட்டினால் 9. ரோஹித் சர்மாவின் 45-ஐக் கூட்டினாலும் 9. ஆனால் ரோஹித் தலைமையில் மும்பை 2013-லிருந்து 2020-க்குள் ஐந்து கோப்பை வாங்கிவிட்டது. ஒரே ஒன்பதுதான், ஒருவருக்கு ஐந்து கோப்பை, இன்னொருவருக்கு 17 வருஷக் காத்திருப்பு.

2011 உலகக் கோப்பையை நினைத்துப் பாருங்கள். சச்சினுக்கு 10, தோனிக்கு 7. சேவாக் சட்டையில் நம்பரே கிடையாது. கோப்பை மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் வந்தது.

நம்பரே பிறகு வந்த வழக்கம்தான். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக வந்தது. 1933-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் எவர்ட்டன் அணிக்கு 1 முதல் 11 வரையும், மான்செஸ்டர் சிட்டிக்கு 12 முதல் 22 வரையும் கொடுத்தார்கள். எவர்ட்டன் 3-0 என்று ஜெயித்தது. நம்மைப் போல ராசி பார்த்திருந்தால் அதோடு 12 முதல் 22 வரை எல்லா நம்பரையும் ஒதுக்கியிருப்பார்கள். அடுத்த வருஷமே அந்தக் கோப்பையை மான்செஸ்டர் சிட்டி வாங்கியது.

நம்பரால் விளையாட்டு மாறுவதில்லை. ஆனால் நம்பரைச் சொல்லி நாம் பேசும் பேச்சு ஒரு ஆட்டக்காரரைக் காயப்படுத்தும். 2017-இல் ஷர்துல் தாக்கூர் 10-ஆம் நம்பர் போட்டு ஆடியபோது, சச்சினின் நம்பரை எப்படிப் போடலாம் என்று ரசிகர்கள் அவரைக் கேலி செய்தார்கள். கடைசியில் அவர் 54-க்கு மாறினார். நாட்டுக்காக ஆடும் வளர்ந்த மனிதருக்கே அந்த நிலை. பத்து வயசுப் பையன் என்ன செய்வான்? வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டான்.

எட்டு சனிக்கு உரியது என்று சிலர் வீட்டில் சொல்லி வளர்த்திருப்பார்கள். வீடு வாங்க, வண்டி வாங்க நீங்கள் எண் பார்ப்பதில் நான் தலையிடவில்லை. பிள்ளைகளின் ஆட்டத்தில் மட்டும் அதைக் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தோற்றால் ஏன் தோற்றோம் என்று அவர்கள் யோசிக்க வேண்டும். நம்பர் மேல் பழியைப் போட்டால் அந்த யோசனை அங்கேயே நின்றுவிடும்.

1978 உலகக் கோப்பைக் கால்பந்தில் அர்ஜென்டினா ஒரு நல்ல வழி கண்டது. வீரர்களின் பெயரை அகரவரிசைப்படுத்தி 1-லிருந்து நம்பர் கொடுத்தது. கோல்கீப்பர் ஃபியோலுக்கு 5 வந்தது. கெம்பஸுக்கு 10 வந்தது, அதுவும் அகரவரிசையால்தான். இறுதி ஆட்டத்தில் அவர் இரண்டு கோல் போட, அர்ஜென்டினா கோப்பையை வென்றது.

நாமும் அப்படியே செய்வோம் என்று செயலாளரிடம் கேட்டேன், ஒப்புக்கொண்டார். 14 பெயரையும் அகரவரிசையில் எழுதி வைத்திருக்கிறார். ஏழு யாருக்கு, எட்டு யாருக்கு என்று நான் இன்னும் பார்க்கவில்லை. யாருக்கு எது வந்தாலும் பெற்றோர் யாரும் மாற்றித் தரச் சொல்லி வர வேண்டாம்.

கடைசியாக, பின்வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு ஒரு வார்த்தை. நான் அன்றைக்குச் சொன்னது தப்பு. எல்லார் முன்னாலும் சொன்னேன், அதனால் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். அன்றைக்குச் சாயங்கால வெயில் உன் கண்ணுக்கு நேராக அடித்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அப்படிப் பேசினேன். அந்தப் பட்டியலில் உன் பெயரும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கீழே வா. நான் பந்தை உயரமாகப் போடுகிறேன், நீ பிடி.