முதலில் பெஞ்சு, பிறகு ரம்பம்



ரான் ஹிக்மன் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். இங்கிலாந்தில் லோட்டஸ் கார்களுக்கு வடிவம் கொடுத்தவர். 1961-இல் அவர் தம் வீட்டுக்கு ஓர் அலமாரி செய்ய இறங்கினார். பலகையை வைத்து அறுக்கத் தோதான இடம் இல்லாததால், விலை உயர்ந்த நாற்காலி ஒன்றின்மேல் அதைக் கிடத்தி ரம்பத்தைப் போட்டார். பலகை அறுந்தது, நாற்காலியும் சேர்ந்தே அறுந்தது. அந்த நாற்காலி போன பிறகு அவர் யோசித்து உருவாக்கியதுதான் ‘வொர்க்மேட்’ என்ற மடக்கு மேசை. கருவி நிறுவனங்கள் முதலில் அதைச் சீண்டவில்லை. 1968-இல் அவரே விற்கத் தொடங்கினார். 1970களின் தொடக்கத்தில் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. பிறகு உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றது.

ஹிக்மனின் நாற்காலிக்கு நேர்ந்தது சிங்கப்பூரின் தோ பாயோ வீடுகளின் சாப்பாட்டறை நாற்காலிகளுக்கும் நேரக்கூடியதே. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 1960-இல் பிறந்தது. அது அடித்தளத்திலிருந்து தானே திட்டமிட்டுக் கட்டிய முதல் துணை நகரம் தோ பாயோ. அதன் புளோக்குகள் எழும்போது, மூவறை வீட்டின் ஒரு மூலையில் யாராவது மரவேலை செய்வார் என்று எவரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் செய்கிறார்கள். ஓய்வுபெற்றவர் காலணித் தட்டு செய்கிறார். இளம் தம்பதி குழந்தைக்குப் புத்தக அலமாரி செய்கிறார்கள். தொடங்கும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, ‘எந்த ரம்பம் வாங்கலாம்?’ என்பது. அதற்கு முன்னால், பலகையை எதன்மேல் வைப்பது என்று கேட்டால் பாதிச் செலவு மிச்சமாகும். ஆடும் நாற்காலியில் வைத்து அறுத்தால் எவ்வளவு விலை கொடுத்த ரம்பமும் கோடு விலகும். அசையாத பெஞ்சில் மலிவான ரம்பமும் ஒழுங்காக ஓடும்.

அறுப்புப் பெஞ்சு என்பது குட்டையானது. அதன் உயரம் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, பெரும்பாலோருக்கு 45 முதல் 50 சென்டிமீட்டர். இந்த உயரத்துக்குக் காரணம் உண்டு: பலகையைப் பிடிப்பது கையல்ல, முழங்கால். ஒரு காலைத் தூக்கிப் பலகையின்மேல் ஊன்றினால் உடலின் பாரம் அதை அமுக்கிக்கொள்ளும். இரண்டு கைகளுக்கும் பலகையைப் பிடிக்கும் வேலை இருக்காது. பெஞ்சு உயரமாக இருந்தால் முழங்கால் எட்டாது, தோள்தான் வலிக்கும். மேற்பலகை ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் அகலம் போதும். அதைவிட அகலமானால் ரம்பம் அறுக்கும் கோடு பெஞ்சின் விளிம்புக்கு வெளியே விழாது, பெஞ்சையே அறுக்க நேரிடும். கால்கள் வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நேர்கால் பெஞ்சில் முழங்காலை ஊன்றினால் கவிழலாம். மேற்பலகையின் ஒரு முனையில் ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டு விட்டால், பலகையை நெடுக்காக அறுக்கும்போது ரம்பம் அந்த இடைவெளியில் இறங்கும். ஒரே உயரத்தில் இரண்டு பெஞ்சுகள் இருந்தால் நீளமான பலகை தொங்காது.

அதை எந்த மரத்தில் செய்வது? கனமான மரத்தில் செய்வது நல்லது. பெஞ்சுக்குப் பாரமே பலம். செங்கால் மரம் கிடைத்தால் அது தலைமுறைகள் தாங்கும். ஆனால் அதைச் சொந்தக் கையால் அறுப்பவருக்குத்தான் அதன் விலை புரியும். மெராந்தி இலகுவாக அறுபடும், எளிதில் கிடைக்கும், முதல் பெஞ்சுக்கு அதுவே போதும். தரையோடு கால் சேரும் இடத்தில் ரப்பர் துண்டு ஒட்டுவது கட்டாயம் என்றே சொல்லலாம். வழவழப்பான தரையோட்டில் பெஞ்சு வழுக்காது. உளியால் தட்டும் ஓசையும் சிமெண்டுத் தளத்தின் வழியாகக் கீழ்வீட்டுக்காரரின் தலைக்கு மேலே இறங்காது.

தமிழ்நாட்டு ஆசாரிகளுக்கு இந்தக் குட்டை உயரம் புதிதல்ல. தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்து வேலை செய்த பரம்பரை அது. ஜப்பானியத் தச்சர்களும் தாழ்ந்த கட்டைகளின்மேல் மரத்தை வைத்துத் தம்மை நோக்கி இழுத்து அறுக்கிறார்கள். இடுப்பளவு உயர்ந்த பெரிய வேலைமேசை ஐரோப்பியப் பழக்கம். தோ பாயோ வீட்டுக்கு அதைவிடத் தாழ்ந்த பெஞ்சு பொருத்தம். வேலை முடிந்தால் சோபாவின் பக்கத்தில் ஒதுங்கிவிடும். பேரன் அதன்மேல் ஏறி நிற்கலாம், அதற்கும் தாங்கும்.

இனி ரம்பத்துக்கு வருவோம். மரத்தின் நாரோட்டத்துக்குக் குறுக்கே அறுப்பது ஒன்று, நாரோட்டத்தோடு நெடுக்கே ஈர்வது வேறொன்று. நெடுக்கே ஈரும் பல் உளிமுனைபோல் மட்டமாகத் தீட்டப்பட்டது. நாரைச் செதுக்கிக்கொண்டு போகும். குறுக்கே அறுக்கும் பல் கத்திமுனையாகச் சரித்துத் தீட்டப்பட்டது. நாரைக் கீறி வெட்டும். தள்ளி அறுக்கும் ரம்பங்களில் நெடுக்கு வேலைக்கு அங்குலத்துக்கு 5 முதல் 7 பல், குறுக்கு வேலைக்கு 8 முதல் 10 பல், மூட்டுப் போடும் சிறு ரம்பத்துக்கு 12-க்கு மேல் என்று வைத்துக்கொண்டால் தவறு வராது.

ஜப்பானிய ‘ரியோபா’ ரம்பத்தில் இரண்டு பக்கமும் பல் உண்டு: ஒருபக்கம் நெடுக்கு, மறுபக்கம் குறுக்கு. இழுக்கும்போது அறுப்பதால் தகடு வளையாது. அதனால்தான் அதை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதாக வைக்க முடிகிறது. மரத்தூள் குறைவு, உழைப்பும் குறைவு. 240 மில்லிமீட்டர் அலகுள்ள ஒரு ரியோபா, சிறிய வீட்டின் முக்கால்வாசி வேலையைப் பார்த்துவிடும். ஒரு குறை உண்டு. செங்கால், பாலாவ் போன்ற கடினமான வெப்பமண்டல மரங்களில் அந்த மெல்லிய பற்கள் முறியலாம். காப்பூர், குருவிங் மரங்களில் சிலிக்கா இருப்பதால் எந்தப் பல்லும் விரைவில் மழுங்கும். அத்தகைய மரத்துக்குத் தள்ளி அறுக்கும் கனத்த ரம்பமே சரி.

கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான ரம்பங்களின் பல்முனைகள் நீலக்கருமையாக இருக்கும். மின்வெப்பத்தால் கடினமாக்கப்பட்டவை அவை. நெடுநாள் கூர்மையாக இருக்கும், ஆனால் மழுங்கிய பிறகு அரம் பிடிக்காது, தூக்கிப் போடவேண்டியதுதான். பழைய பாணி ரம்பத்தின் பல்லை முக்கோண அரத்தால் மீண்டும் மீண்டும் தீட்டலாம். அரம் பிடிக்கக் கற்றவருக்கு ஒரு ரம்பம் ஆயுள் முழுக்கப் போதும். கற்க மனமில்லாதவர் அலகு மாற்றும் ரம்பம் வாங்குவதே மேல், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதை வாங்கினாலும் துடைத்து மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 சதவிகிதத்துக்கு மேல், துரு காத்திருப்பதில்லை.

மின்சார மேசை ரம்பம் வேண்டாமா என்று கேட்கலாம். அது அருமையான இயந்திரம். விரல் பட்டவுடன் 5 மில்லிவினாடிக்குள் அலகை நிறுத்திவிடும் ‘சாஸ்டாப்’ வகையும் வந்துவிட்டது. ஆனாலும் அடுக்குமாடி வீட்டுக்கு அது ஒத்துவராது. மேசை ரம்பத்தில் ரம்பம் நிற்கும், மரம் நகரும். ஆகவே 2.4 மீட்டர் பலகையை அறுக்க முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 5 மீட்டர் இடம் வேண்டும். கைரம்பத்தில் மரம் நிற்கும், ரம்பம் நகரும். பலகையின் நீளத்துக்கு மேல் கொஞ்சம் இடம் போதும். இயந்திர அலகு சுமார் 3 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். அந்தத் தூளில் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியதும் உண்டு. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இல் வகைப்படுத்தியது. படுக்கையறைக்குப் பக்கத்தில் அதைப் பறக்கவிடுவது நல்லதல்ல. கைரம்பம் பிடிப்பவரும் முகக்கவசம் அணிவது நல்லது.

சத்தமும் இருக்கிறது. வட்ட ரம்பம் 100 டெசிபலை எட்டக்கூடியது. புதுப்பிப்பு வேலைகளில் பெருஞ்சத்தம் எழுப்புபவற்றை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் வீவக அனுமதிக்கிறது. ஞாயிறும் பொது விடுமுறையும் எந்தப் புதுப்பிப்பும் கூடாது. பொழுதுபோக்குத் தச்சருக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்! கைரம்பத்தின் ஓசை சுவரைத் தாண்டினாலும் சண்டையை இழுத்துவராது.

வீட்டுக்குள் இடமில்லை என்று பொது நடைபாதைக்கு வருபவர்கள் உண்டு. தீ பரவினால் தப்பிக்க அங்கே 1.2 மீட்டர் அகலம் எப்போதும் தடையின்றி இருக்கவேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. அண்டைவீட்டாரின் காலணிகளில் மரத்தூள் படிவதை எந்த விதியும் தடுக்காது; அதை அண்டைவீட்டாரே பார்த்துக்கொள்வார்.

8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகை முழுத்தாளை வீட்டில் அறுக்க முயல்வது வீண் பிடிவாதம். 18 மில்லிமீட்டர் தடிப்புள்ள தாள் மின்தூக்கிக்குள் நுழைவதே பாடு. விற்பவரிடமே அளவு கொடுத்து அறுத்து வாங்கலாம். சுங்கை காடுட் பக்கம் மரக்கடைகள் உண்டு; தோ பாயோ லோரோங் 8 தொழிற்பேட்டையோ இதற்கென்றே இருப்பதுபோல் பக்கத்திலேயே இருக்கிறது.

கருவி வாங்க, லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசார் வட்டாரத்து இரும்புக்கடைகளில் ஒரு சுற்று சுற்றலாம். பழைய ரம்பங்களுக்குப் பேர்பெற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. பழையது வேறெங்காவது கிடைத்தால், பல்வரிசையை மேலே திருப்பி ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்க்க வேண்டும். தகடு கோணியிருந்தால் விட்டுவிடலாம். பல்லின் அடியில் துரு குழி விழுந்திருந்தாலும் விட்டுவிடலாம். மேலோட்டமான துருவும் உடைந்த கைப்பிடியும் குறைகளே அல்ல.

தொடங்க நினைப்பவர் இந்த வாரம் ஒரு ரியோபாவும், பெஞ்சுக்குத் தேவையான மெராந்திச் சட்டங்களும், மரத்தை இறுக்கிப் பிடிக்க ஒரு ஜி-கிளாம்ப்பும் மட்டும் வாங்கட்டும். முதல் வேலையாக அறுப்புப் பெஞ்சையே செய்யட்டும். நெடுக்கு, குறுக்கு, சாய்வு என்று மூன்று வகை அறுப்பும் அதில் வந்துவிடும். அடுத்த ரம்பம் தேவையா என்பதை அதன் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.