விளையாட்டுச் செய்தியும் நம் கடமையும்



நம் பிள்ளைகள் ஓட்டத்திலும் தாண்டுதலிலும் கபடியிலும் பரிசு பெறுவதை ஆசிரியர்களாகிய நாங்கள் ஆண்டுதோறும் காண்கிறோம். ஆயினும் அவ்வெற்றிகளுள் பெரும்பாலானவை ஊர் எல்லையைக் கடப்பதில்லை. அரூரிலும் பென்னாகரத்திலும் நிகழும் ஒவ்வொரு போட்டிக்கும் நிருபர் வந்து நிற்க இயலாது. செய்தியை நாமே கொண்டு சேர்த்தல் வேண்டும்.

தாழ்த்தப்பட்ட சமூகத்தில் தோன்றிய பல்வங்கர் பாலு, 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் குழுவில் 100-க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர். ஆயினும் பம்பாய்ப் போட்டிகளில் ஆடிய இந்துக்கள் அணிக்கு அவரைத் தலைவராக்கவில்லை. 1920-இல் அவரை அணியிலிருந்தே நீக்கினர். தம்பி விட்டலுக்கும் தலைமையை மறுத்தனர். விட்டலும் மற்றொரு தம்பி சிவராமும் அணியிலிருந்து விலகி, காரணத்தை அறிக்கையாக வெளியிட்டனர். அதன்பின் பாலு துணைத் தலைவராக அழைக்கப்பட்டார். 1923-இல் விட்டல் தலைவரானார். தகுதி இது, மறுக்கப்பட்டது இது என்று உலகறியச் சொன்னதன் பயன் அது.

நாம் எவ்வாறு சொல்வது? முதலில், எவர் எதைப் பற்றி எழுதுகிறார் என்பதைப் பத்திரிகைகளைப் படித்து அறிக. போட்டி முடிந்த அன்றே பெயர், பள்ளி, இடம், தூரம் அல்லது நேரம் ஆகியவற்றை உடற்கல்வி ஆசிரியரிடம் சரிபார்த்து, ஒரே பக்கத்தில் எழுதுக. 'நன்றாக ஓடுகிறாள்' என்பது செய்தியன்று. 'மைதானமில்லாப் பள்ளியில் பயின்று மாவட்டத்தில் முதலிடம் பெற்றாள்' என்பதே செய்தி. மிகைப்படுத்தாதீர்; ஒரு பொய் அடுத்த பத்து உண்மைகளுக்கும் கதவடைக்கும். பிள்ளையும் பெற்றோரும் இசைந்தாலன்றி அவர்தம் வறுமையையும் சாதியையும் பேசாதீர். இரக்கம் தேடுவது நம் நோக்கமன்று.

அண்டை மாவட்டமாம் சேலத்தின் பெரியவடகம்பட்டி மாரியப்பன், 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். அதன்பின் நாடே அவ்வூரைத் தேடி வந்தது. பதக்கத்திற்குப் பின் எழுதப்படுவது பாராட்டு. முன்னரே எழுதப்படுவதோ ஓர் ஏழைப் பிள்ளைக்குக் காலணியையும் பயிற்சியையும் கொணரக்கூடும்.

ஆதலின் இவ்வெள்ளி விழா ஆண்டில் நம் சங்கம் ஒரு குறிப்பேடு தொடங்கட்டும். நம் பிள்ளைகளின் ஒவ்வொரு வெற்றியும் நாளோடும் அளவோடும் அதில் ஏறட்டும். எழுதக் கற்ற இளைஞர் இருவர் அதன் பொறுப்பை ஏற்க முன்வருக. எழுத்தறிவு விண்ணப்பம் எழுதுவதற்கு மட்டுமன்று. நம் வரலாற்றை நாமே எழுதுவதற்கும் அதுவே கருவி.